எல்லாவற்றுக்கும் உறை போட்டவர்

எங்கள் தெருவில் அவர் வீட்டுத் தபால்பெட்டிக்கு மட்டும் தோல் சட்டை இருந்தது. தகரப்பெட்டி வெயிலில் காய்ந்தால் உள்ளே கிடக்கும் கடிதம் சுருண்டுவிடுமாம். ஆட்டுத்தோலை அளவெடுத்து வெட்டி, கடிதம் போட வாய் வைத்து, ஓரம் மடித்துத் தைத்திருந்தார். முப்பத்தோரு வருஷம் தபால் இலாகாவில் இருந்தவன் நான். அப்படி ஒரு பெட்டியை வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு ஐப்பசி மழையில் தோல் ஊறிப்போய், ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது கடிதங்கள் பூசணம் பூத்திருந்தன. அவர் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் மாட்டினார். உறையைக் கழற்றவில்லை.

கன்னிவாடியில் நானும் அவரும் அடுத்தடுத்த வீடு. ஊரில் வேறு பாய்கள் இருந்தாலும், வெறும் ‘பாய்’ என்றால் அவர்தான். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் கூடம் ஒன்றில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்று, மலையடிவாரக் காற்று உடம்புக்கு நல்லது என்று இங்கே வந்து வீடு கட்டினார். அந்தக் காற்று உள்ளே வராதபடி எல்லா ஜன்னலையும் சாத்தியே வைத்திருந்தார் என்பது வேறு விஷயம்.

டிவி ரிமோட்டுக்கு உறை. டார்ச் லைட்டுக்கு உறை. வீட்டுச் சாவிக் கொத்தில் ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனி உறை என்பதால் வாசலில் நின்று பூட்டைத் திறக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடிக்கும். என் மூக்குக்கண்ணாடிக்குக் கேட்காமலே ஒரு கூடு தைத்துக் கொடுத்தார். அதன் பித்தான் அத்தனை இறுக்கம். அதைத் திறக்கிற நேரத்தில் கண்ணாடி இல்லாமலே படித்துவிடலாம்.

“எதுக்கு பாய் எல்லாத்துக்கும் உறை?” என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“போஸ்ட்டு சார், நான் ஒரு நாளைக்கு எம்புட்டுத் தோலு விரிச்சுப் பாத்திருப்பேன்னு நெனைக்கிறீங்க? மேய்க்கிறவன் அடிச்ச தழும்பு, வேலி முள்ளு கிழிச்சது, உண்ணி தின்ன ஓட்டை, அம்புட்டும் அதுல இருக்கும். ஆடு வாயத் தொறந்து சொல்லாததத் தோலு சொல்லிப்புடும். அடிபடாத தோலு ஒண்ணு, ஒரே ஒண்ணு, பாத்ததில்ல சார் நான்.”

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. திங்களும் வியாழனும் திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் நாலு மணி நேரம் படுத்து இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். அதற்காக இடது முழங்கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஊசி போட வழி செய்திருந்தார்கள். அந்தக் கைக்கு அவர் மிருதுவான ஆட்டுக்குட்டித் தோலில் ஒரு பட்டை தைத்துப் போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நர்ஸ் அதைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“யாரு இதக் கட்டினது? இந்தக் கையில வாட்சு கூடக் கட்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? ரத்தம் தடையில்லாம ஓடணும். கழட்டுங்க மொதல்ல.”

அவர் பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது காரில் அந்தக் கைமேல் ஒரு துண்டைப் போர்த்தினார்.

“என்னையும் ஒரு பைக்குள்ள போட்டு ஜிப்பு வச்சிருங்க,” என்றார் அந்த அம்மா. “வேணுங்கிறப்ப தொறந்து பாத்துக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை. அது எப்படித் தைக்கலாம் என்று ஒரு கணம் யோசித்தார் என்றே எனக்குப் பட்டது.

மருத்துவமனைக்குப் போக பஸ்ஸையும் ஆட்டோவையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஆயிரம் பேர் ஏறி இறங்குகிற வண்டி, தூசி, இருமல், ஊசி போட்ட கை என்பார். மாமனார் விட்டுப்போன பழைய பெட்ரோல் கார் ஒன்று அவரிடம் இருந்தது. ஏ.சி. கிடையாது. இருக்கைக்குத் தோல், ஸ்டியரிங்குக்குத் தோல், கியர்க் கம்பியின் குமிழுக்குத் தோல். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின் ஜன்னல்களுக்குத் திரையும் போட்டுத்தான் வண்டியை எடுப்பார். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறேகாலுக்குப் போய்ச் சேரலாம்; பதினோரு மணிக்குமேல் திரும்பலாம். துணைக்கு என்னையும் ஏற்றிக்கொள்வார். ‘வரமுடியாது’ என்று நான் சொல்லக்கூடிய நாள் ஒன்று இருந்திருக்கும். அதை நான் தவறவிட்டுவிட்டேன்.

தை மாதப் பனியில் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தது. பழைய கார்களில் என்ஜினுக்கு நெருப்புப்பொறி கொடுக்க ‘பாயிண்ட்’ என்று ஒன்று இருக்கும். தட்டித் தட்டித் தேய்ந்துபோகும். அவருடையது தேய்ந்து, அந்த அளவில் புதிது கிடைக்கவில்லை. பழனி ரோட்டு மெக்கானிக், “அதத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரானிக்குக்கு மாத்திருவோம் பாய். தேயிற சாமானே இருக்காது,” என்றார். நானும் ஒத்து ஊதினேன். மாசி முதல் வாரத்தில் மாற்றியாகிவிட்டது. என்ஜின் அறையின் பக்கத் தகரத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. அதற்குப் பெயர் மாட்யூல். இனிமேல் பொறி கொடுப்பது அதன் பொறுப்பு.

எனக்கு எதையும் தேதியும் நேரமும் போட்டு எழுதிவைக்கிற பழக்கம் உண்டு. மழை, கிணற்று மட்டம், எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம், எல்லாம். இந்த மாற்றத்துக்காகவும் ஒரு குறிப்பேடு தொடங்கினேன். அதன் முதல் பக்கத்தில் நானே எழுதியது இப்படி இருக்கிறது: ‘மாசி, இரண்டாம் ஞாயிறு, காலை 10.20. பாய் மாட்யூலைக் கழற்றி, அடியில் கறுப்புத் தோலில் மெத்தை வைத்துத் திரும்ப மாட்டினார். மேலே பித்தான் வைத்த தோல் தொப்பி. மெத்தை விளிம்போடு விளிம்பாக அளவெடுத்தது. நல்ல வேலைப்பாடு.’

அன்றைக்கு அவர் சொன்னதும் நினைவிருக்கிறது. “என்ஜின் பக்கத்துத் தகரம் எப்படிக் கொதிக்குதுன்னு தொட்டுப் பாருங்க. அதுல இத வெறும் ஒடம்போட ஒட்டிவிட்டா என்னத்துக்கு ஆகும்? அதுபோக இந்தக் குலுக்கல் வேற.” நான் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான், கொதித்தது. மெத்தையையும் தடவிப் பார்த்துப் பாராட்டினேன்.

மாசி முடியும்வரை ஒன்றும் ஆகவில்லை. பங்குனி முதல் திங்கள், திரும்பி வரும் வழியில், ரெட்டியார்சத்திரத்துக்கு முன்னால் என்ஜின் இருமியது. மிஸ் அடிக்கிறது என்பார்கள் மெக்கானிக்குகள். நாலு தடவை வெட்டி வெட்டி இழுத்துவிட்டு, சாலையோரப் புளியமரம் ஒன்றைத் தாண்டியதும் வண்டி நின்றது. நேரம் 11.40. அரைமணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது.

அடுத்த வியாழனும் அதே மரம். காலையில் போகும்போது ஒரு நாளும் நிற்கவில்லை. வெயிலேறித் திரும்பும் சில நாள்களில் மட்டும், புறப்பட்ட இருபத்தைந்து நிமிஷத்தில் மிஸ் அடிக்கும், நிற்கும், ஆறினால் எழுந்திருக்கும். சூடு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எதன் சூடு என்பதுதான் தெரியவில்லை.

மெக்கானிக் முதலில் அந்தத் தோல் தொப்பியைப் பார்த்தார். “என்ன பாய், கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்கு! எடுங்க அத.” அவர் மனசில்லாமல் எடுத்தார். தொப்பி போன பிறகும் வண்டி நின்றது. அதோடு தோல்மேல் இருந்த சந்தேகம் எல்லோருக்கும் போய்விட்டது. அடியில் இருந்த மெத்தை மெக்கானிக்கின் கண்ணில் படவில்லை; மாட்யூலின் நிறம், மாட்யூலின் அளவு, அதன் சொந்த ரப்பர் அடிப்பாகம் போலவே இருந்தது. தான் இரும்போடு ஒட்டி மாட்டிய சாமானைத் தானே ஏன் அவர் சந்தேகப்படப் போகிறார்? பிளக் மாற்றினார், பொறிக்கு மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கிற ‘காயில்’ மாற்றினார், பெட்ரோல் குழாயை என்ஜினிலிருந்து தள்ளிக் கட்டினார். ஒவ்வொன்றையும் நான் நேரத்தோடு எழுதினேன். முதல் பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

வண்டி நிற்கும் அந்த அரைமணி நேரத்தைச் சொல்லவேண்டும். நாலு மணி நேரம் இயந்திரத்தில் இருந்துவிட்டு வருகிற உடம்பு, கால்கள் துவண்டிருக்கும். கதவைத் திறக்க அவர் விடமாட்டார். லாரிகள் ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்குக் காலியாகத் திரும்பும் நேரம். ஒவ்வொரு லாரியும் ஒரு புழுதிப்படலத்தைக் கிளப்பிவிட்டுப் போகும். கண்ணாடி ஏறியே இருக்கும். தோல் இருக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு விட்டால் முகத்துக்கே திரும்பி வரும். எனக்கே நெஞ்சை அடைக்கும். இறங்கிப் போய் மரத்தடியில் நிற்கலாம்தான், ஆனால் அந்த அம்மா உள்ளே இருக்கும்போது எப்படி இறங்குவது? மூன்று பேரும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள்கள்போல் உட்கார்ந்திருப்போம். அவர் பின்னால் திரும்பி, துண்டு விலகியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

அந்த அம்மாவுக்குத் தண்ணீர் அளவோடுதான். தாகத்துக்கு ஒரு சின்ன பிளாஸ்க்கில் ஆறு ஐஸ்கட்டி. அதற்கும் உறை உண்டு. அவர்தான் எண்ணிப் போடுவார். வாயில் ஒன்றை ஒதுக்கிக்கொண்டு, திரையை ஒரு விரலால் விலக்கி, வெளியே பார்த்தபடி இருப்பார் அந்த அம்மா.

“செத்த நேரம் கண்ணாடிய எறக்குங்களேன்.”

“தூசி வரும்மா.”

“காத்தும் வரும்ல.”

அவர் பின்னால் கை நீட்டித் துண்டைச் சரிசெய்வார்.

சித்திரை பிறந்ததும் மருத்துவமனையில் முறையை மாற்றிவிட்டார்கள். காலை ஆறேகால் இல்லை. இனிமேல் மதியம் பன்னிரண்டரை. அதாவது, வண்டி இப்போது போகும்போதே நிற்கும். மாற்றம் வந்த இரண்டாவது திங்களே நின்றது. ஆறட்டும் என்று காத்திருந்து, எழுந்து, மறுபடி நின்று, ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். இயந்திரத்தில் வேறொருவர் படுத்திருந்தார். அன்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வியாழன் வருவதற்குள் அந்த அம்மாவுக்கு முகம் வீங்கி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தே தூங்கினார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்த அம்மாவின் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

வியாழன் அன்று அவர் என் பேச்சைக் கேட்டு வாடகைக் கார் பிடித்தார். உட்காருகிற இடத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன தோல் விரிப்பு. அந்த டிரைவர் வழிநெடுக இருமினார். அதோடு வாடகைக் கார் முடிந்தது. நர்ஸ் அன்றைக்குச் சொன்னதைத் தேதியோடு எழுதிவைத்திருக்கிறேன்.

“பாய், இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா இந்தக் கட்டில வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. வெளிய பதினொரு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. அப்புறம் நீங்க மதுரைக்குத்தான் போகணும். அவ்வளவு தூரம் இவங்க ஒடம்பு தாங்குமான்னு நீங்களே யோசிங்க.”

அவர் தலையை ஆட்டினார். மறுநாள் என்ஜின் அறை முழுக்க அளவெடுத்துக்கொண்டிருந்தார். காயிலுக்கும் பெட்ரோல் பம்புக்கும் தோல் போர்த்தினால் சூடு ஏறாது என்பது அவர் கணக்கு. நான் கெஞ்சித் தடுத்தேன்.

மெக்கானிக் போனில் எனக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். “வண்டி நின்னதும் ஈரத்துணி வச்சு ஒவ்வொண்ணா குளுத்திப் பாருங்க சார். எதக் குளுத்துனா வண்டி எந்திரிக்குதோ, அதுதான் நோயாளி.” பெட்ரோல் பம்பில் வைத்துப் பார்த்தாயிற்று, எழவில்லை. காயிலில் வைத்துப் பார்த்தாயிற்று, எழவில்லை. மாட்யூலில் வைக்கப்போனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கரண்டு சாமான் சார் அது. தண்ணி பட்டா புகைஞ்சு போயிரும்.”

அடுத்த திங்கள். பதினொன்றேகாலுக்குக் கிளம்பினோம். ரெட்டியார்சத்திரம் தாண்டி, அதே புளியமரம். 11.41. வண்டி நாலு தடவை இருமி நின்றது. அது ஒன்பதாவது தடவை.

அவர் சாவியைத் திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு கைகளையும் அந்தத் தோல் சுற்றிய ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார். பிடரியில் வேர்வை கோடு கோடாக இறங்கியது.

“ஆட்டோ கூப்பிடுறேன் பாய்,” என்றேன். ரெட்டியார்சத்திரத்தில் எனக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் திண்டுக்கல்லில் சவாரியில் இருந்தார். இறங்கிப் போய்க் கையை நீட்டினேன். முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவது பஸ்ஸும் நிற்கவில்லை. மணி 11.52. ஆறுகிறவரை காத்திருந்தால் 12.10, அதற்குமேல் டவுனுக்குள் நுழைய இருபத்தைந்து நிமிஷம், நடுவில் இன்னொரு தடவை நின்றால் தீர்ந்தது. நான் சொல்லாமலே இந்தக் கூட்டல் அவருக்கும் தெரிந்திருந்தது.

பின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அந்த இரண்டு மாதத்தில் அந்த இடத்தில் அது திறந்ததே இல்லை. வீங்கிய காலைத் தரையில் ஊன்றி, கதவைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மா இறங்கினார். கையில் பிளாஸ்க்.

“எறங்காத, எறங்காத! தூசி…”

“அண்ணே, இதுல அஞ்சு கட்டி இருக்கு,” என்றார் என்னிடம், அவரைப் பார்க்காமல். “நீங்க எதையோ குளுத்தணும், இவுக விட மாட்டேங்குறாகன்னு சொன்னீகள்ல. அதுல வைங்க.”

“தங்கச்சி, அது உங்களுக்கு…”

“அது ஒன்னோட ஐஸு,” என்றார் அவர். “சாயங்காலம்வரைக்கும் ஒனக்கு அதுதான். வேண்டாம்மா.”

“என்னோடதுங்கிறதாலதான் குடுக்குறேன். அதையும் உறைக்குள்ளயே வச்சிருந்து என்ன செய்ய?”

“தண்ணி பட்டா சாமான் போயிரும்மா.”

“அது போனா வண்டிதான போகும். இங்கயே உக்காந்திருந்தா?”

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்தார். பிறகு இறங்கி வந்து முன்மூடியைத் தூக்கினார். மாத்திரை வைத்திருந்த பிளாஸ்டிக் பையைக் காலி செய்து, ஐந்து கட்டியையும் அதில் போட்டு, வாயை முறுக்கி முடிந்து, தன் கையாலேயே அந்தக் கறுப்புப் பெட்டியின்மேல் வைத்தார். வைத்த கையை எடுக்காமல், நாடி பார்ப்பவர்போல் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. நாலாவது நிமிஷம் என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். ஒரு தடவை உறுமி, என்ஜின் பிடித்துக்கொண்டது.

பையை ஒரு கம்பியால் மாட்யூலோடு கட்டிவிட்டுக் கிளம்பினோம். அந்த ஐஸ் கரைவதற்குள் டவுனைப் பிடிக்கவேண்டும். பஸ் நிலையத்தை நெருங்கும்போது மறுபடி இருமத் தொடங்கியது. மிஸ் அடித்து அடித்து, ஹாரன் அடிக்கிறவர்களின் வசவை வாங்கிக்கொண்டு, மருத்துவமனை வாசலில் போய் நின்றது. பன்னிரண்டு இருபத்தேழு. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார், அந்த அம்மாவின் காலைப் பார்த்தார், கட்டிலைக் காட்டினார்.

வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில், வேப்பமர நிழலில், அவரும் நானும். ஸ்குரூ டிரைவரை அதன் உறையிலிருந்து எடுத்து மாட்யூலைக் கழற்றினார். கையில் எடுத்தவர் ‘ஸ்’ என்று உதறி, துண்டால் பிடித்தார். கூடவே மெத்தையும் ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்தார்.

அப்போதுதான் எனக்குக் குறிப்பேட்டின் முதல் பக்கம் ஞாபகம் வந்தது. ‘நல்ல வேலைப்பாடு.’ அதைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவர் அந்தத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் எப்படிப் பார்த்தாரோ அப்படி. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கட்டைவிரலால் தடவி, திருப்பி, மறுபக்கம் தடவினார்.

“தொட்டுப் பாருங்க சார்.”

கார்த் தகரத்தைத் தொட்டிருந்த பக்கம், வைத்த அன்று இருந்தபடியே மிருதுவாக இருந்தது. மாட்யூலைத் தொட்டிருந்த பக்கம் வெந்து, சுருங்கி, அப்பளம்போல் வெடித்திருந்தது.

“வெளிச் சூடு இல்ல,” என்றார். “இது உள்சூடு. அது தன் சூட்டத் தகரத்துல எறக்கி வைக்கப் பாத்திருக்கு. நான் குறுக்க மெத்தையப் போட்டு அடைச்சிருக்கேன்.”

வேப்பமரத்தடிச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தார். மெத்தையை முழங்கால்மேல் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். அது நிமிரவில்லை.

“ஒம்பது தடவைன்னு எழுதியிருக்கீங்கள்ல சார்?”

“ஆமா பாய்.”

“ஒம்பது தடவையும் கண்ணாடிய ஏத்தித்தான் வச்சிருந்தேன்.”



வண்டி ஆறியதும் மெத்தை இல்லாமல் மாட்யூலை மாட்டி மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். மெத்தையை வாங்கிப் பார்த்துவிட்டு மெக்கானிக் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். “பாய், எல்லாரும் காலுக்குச் செருப்பு தைப்பாக. நீங்க மாட்யூலுக்குத் தச்சிருக்கீக!” அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தகரத்தைப் பெயின்ட் போக உப்புத்தாளால் தேய்த்து, ஏதோ வெள்ளைப் பசையைப் பூசி, வெறும் இரும்போடு இரும்பாக இறுக்கினார். “இப்ப மூச்சு விடும்,” என்றார்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மருத்துவமனை வாசலுக்குத் திரும்பினோம். அந்த அம்மாவின் முகம் வற்றி, பழைய முகம் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. பின் இருக்கைக்குப் போகாமல், முன் கதவருகே போய் நின்றார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

“கண்ணாடி,” என்றார்.

அவர் குனிந்து, அந்தப் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினார். நாலு விரல் அளவு இறங்கியது. அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் சுற்றினார். முழுக்க இறங்கியது.

வெயில் இன்னும் தணியவில்லை. இருபத்தைந்து நிமிஷம் ஆனபோது நான் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மரம் வந்தது. என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“நிப்பாட்டுங்க,” என்றார் அந்த அம்மா.

“என்னம்மா? என்ன செய்யுது? மயக்கமா?”

“ஒண்ணும் செய்யல. ஒம்பது தடவை அதுவா நின்னுச்சு. ஒரு தடவை நான் நிப்பாட்டுறேன்.”

வண்டியை ஓரம் கட்டினார். அந்த அம்மா இறங்கி, மெதுவாக நடந்து, புளியமரத்துக்கு அந்தப் பக்கம் வயல் வரப்புவரை போய் நின்றார். மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. முக்காடு சரிந்து தோளில் விழ, அதை எடுத்துப் போட்டுக்கொள்ளாமல், ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சோடு இடது கையைத் தொங்கவிட்டு, அப்படியே நின்றுகொண்டிருந்தார். ஒரு லாரி போனது. புழுதி எழுந்து அடங்கியது.

அவர் துண்டை எடுத்துக்கொண்டு வேகமாக இறங்கினார். பாதித் தூரம் போனவர் நின்றுவிட்டார். திரும்பி வந்தார். கையில் இருந்த துண்டை என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கத்தில், அதை மடித்துக் காரின் முன்மூடிமேல் விரித்து வைத்தார்.

பிறகு சட்டென்று எடுத்துவிட்டார்.